அடைப்புக்கும் குறட்டுக்கும் நடுவில்

மட்டக்களப்பில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு விதிதான் எழுதியிருக்கு. ஓட்டை சின்னதென்டால் அடைப்பு. பெருசென்டால் குறடு. கையில் காசு புரள்கிற வீட்டுக்கு மூன்றாவதாக 'கிரவுன்' என்றொரு தொப்பி உண்டு. அதைப் பிறகு பேசுவம். சும்மா அடைத்தால் நிற்காத, ஆனால் புடுங்கவும் தேவையில்லாத பல்லுகளுக்கென்றே ஒரு வைத்தியம் நூறு வருசத்துக்கு மேலாக உலகத்தில் இருக்கு. இன்லே, ஒன்லே என்று பேர். எங்கட ஊரில் எத்தனை பேர் இந்தப் பேர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? பல் டொக்டரின் கதிரையில் பலதரம் சாய்ந்து எழும்பியவர்களிடமே கேட்டுப் பார்த்தோம். பிஸ்கட்டா, சோப்பா என்று திருப்பிக் கேட்டவர்கள்தான் கூட.

பல் துலக்குகிற அறிவுரைக்கு பாடசாலைச் சுகாதாரப் புத்தகம் இருக்கு, அதை நாங்கள் திருப்பி எழுதப் போவதில்லை. காப்பாற்றக்கூடிய பல்லைப் புடுங்கிவிட்டு, அதை வைத்தியம் என்று சொல்லி, இலவசமாகத் தந்தோமே என்று நன்றியும் எதிர்பார்க்கிற ஒரு முறையோடுதான் எங்களுக்குச் சண்டை. அந்த முறைக்குத் தோதாக "புடுங்கிட்டாக் கரைச்சல் முடிஞ்சிரும் மகன்" என்று சொல்லித் தருகிற எங்கட வீடுகளோடும் கொஞ்சம் சண்டை இருக்கு.

முதலில் எந்தப் பல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்ல வேணும். வேர் வரைக்கும் சூத்தை போய், கன்னம் வீங்கி, ஆடிக்கொண்டு நிற்கிற பல்லைப் பற்றி இல்லை. அதைப் புடுங்கத்தான் வேணும். மெல்லிய கோடாகக் கறுத்த பல்லைப் பற்றியும் இல்லை. அதுக்கு ஒரு அடைப்பு போதும். நாங்கள் சொல்வது நடுத்தரமாகச் சேதப்பட்ட பல். வேர் நல்லா இருக்கும். நாலு பக்கச் சுவரில் ஒண்டோ ரெண்டோ போயிருக்கும். மேலே மெல்லுகிற மேடுகளில் ஒண்டு நண்டுக்கால் கடிக்கும்போது சிலும்பிப் போயிருக்கும். அல்லது பத்து வருசத்துக்கு முந்திப் போட்ட அடைப்பு கழண்டு, திருப்பிப் போட்டு, திருப்பியும் கழண்டு, ஒவ்வொரு தரமும் ஓட்டை ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். இந்த வகைப் பல்தான் எங்கட வயசுக்காரரின் வாயில் கூட.

ஏன் அப்படியென்டால், ஆறு வயசில் முளைக்கிற முதல் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். பால்பல் எதுவும் விழாமலே அது பின்னுக்கு முளைப்பதால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். "விழுந்து முளைக்கிறதுதானே, மறுகா பார்ப்பம்." அந்த 'மறுகா' வந்து சேரும்போது பிள்ளைக்கு 16 வயசு. பல்லுக்குப் பத்து வயசு, அதில் பாதி இல்லை.

அந்தப் பாதிப் பல்லுக்குள் பெரிய அடைப்பைத் திணித்தால் என்ன நடக்கும்? சுவர் வெடித்த வீட்டின் வெடிப்புக்குள் சீமெந்தைத் திணித்துவிட்டு மேலே ஓட்டைப் போட்ட மாதிரி. ஒவ்வொரு கடிக்கும் மிச்சச் சுவர்கள் வெளிப்பக்கம் விரியும். 1989இல் ரீ, மெஸர், டக்ளஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். நரம்பு எடுப்பதற்காகப் பல்லின் நடுவில் துளை போட்டபோது பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. முன்பக்கச் சுவரும் பின்பக்கச் சுவரும் போகிற மாதிரி ஓட்டை வெட்டியபோது 63 சதவீதம் போய்விட்டது. பல்லின் பலம் அந்த இரண்டு பக்க விளிம்பில்தான் இருக்கு என்பது இந்தக் கணக்கு. 'அடைச்சு ஆறு மாசத்தில பல்லு ரெண்டாப் பிளந்திட்டு' என்று வீட்டில் ஆச்சிமார் சொல்கிற கதைக்குக் காரணம் டொக்டரின் கைராசி இல்லை. அந்தப் பல்லுக்கு அடைப்பு பொருந்தாத வைத்தியம்.

ஒன்லே என்ன செய்யுது? சூத்தையைச் சுரண்டி எடுத்து, பலமில்லாத மேட்டை மட்டும் தட்டையாக்கி, பல்லின் அச்சை எடுத்து, வாய்க்கு வெளியே அந்த வடிவத்துக்கே ஒரு துண்டைச் செய்து கொண்டுவந்து ஒட்டுவது. பொற்சிலேனாக இருக்கலாம், உலோகமாக இருக்கலாம், அவித்து இறுக்கிய கொம்பசிட்டாக இருக்கலாம். மேடுகளின் மேலால் அது படிந்து சுவர்களை ஒண்டாகப் பிடித்துக்கொள்ளும், வீட்டுச் சுவர்களுக்கு மேலால் சுற்றிக் கொங்கிரீட் போட்டுக் கட்டுகிற மாதிரி. மேட்டைத் தொடாமல் நடுப் பள்ளத்துக்குள் மட்டும் அடங்கினால் அதுக்குப் பேர் இன்லே. மேட்டையும் சேர்த்து மூடினால் ஒன்லே.

இதில் எங்கட கருத்தையும் சொல்லிவிடுவம். இன்லேயை நாங்கள் பெரிசாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. நல்ல கையால் நிதானமாகப் போட்ட கொம்பசிட் அடைப்பும் அதே இடத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் நிற்கும். அதுக்கு இரட்டைச் செலவு தேவையில்லை. விளம்பரத்தில் இன்லே என்று கண்டவுடன் விழுந்தடித்து ஓட வேண்டாம். எங்கட வாதம் ஒன்லேக்கு. மேடு போன பல்லுக்கு அதுக்குச் சமமான வேறு வழிகள் குறைவு, இருக்கிற பெரிய வழி கிரவுன்.

அந்தக் கிரவுனைப் பற்றி இப்ப பேசுவம். பல்லை நாலு பக்கமும் அரைத்து முளை மாதிரி ஆக்கி மேலே தொப்பி போடுவதுதான் கிரவுன். எவ்வளவு அரைப்பார்கள்? 2002இல் எடெல்ஹோஃபும் சோரென்சனும் பின்பல்லுகளில் நிறுத்துப் பார்த்த கணக்கு இருக்கு: முழுக் கிரவுனுக்காக வெளியே தெரிகிற பல்லில் 67 முதல் 75 சதவீதம் வரை போகுது. இன்லே, ஒன்லே வகைகளுக்கு 5 முதல் 27 சதவீதம். மூன்று சுவர் நல்லா இருக்கிற பல்லில் அந்த மூன்றையும் அரைத்துத் தள்ளிவிட்டுத் தொப்பி போடுவது, வெற்றிலைக் கறை பிடித்ததென்று முழுச் சுவரையும் இடிப்பதுக்குச் சமம். எங்கட தாத்தாமார் காலத்தில் நல்ல முன்பல்லுக்கு மேல் தங்கக் கூடு போட்டுக்கொண்டு சிரித்துத் திரிந்தவர்கள் இருந்தார்கள். அது பவுசு. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் இன்றைக்கு நடப்பதும் பாதி அதுதான்: தேவையில்லாத பல்லுக்குத் தொப்பி. பக்கத்து வீட்டில், தேவையான பல்லுக்குக் குறடு.

இது வெள்ளைக்காரன்ட நவீனம், எங்களுக்கு எட்டாது என்று யாரும் சொல்ல வெளிக்கிட்டால், அவருக்குப் பொலன்னறுவை வெண்கலங்களை ஞாபகப்படுத்த வேணும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயில் ஏறினால் வழியில் வருகிற ஊர்தான். அங்கே சிவன் கோயில் இடிபாடுகளில் கிடைத்த நடராசரும் நாயன்மாரும் இப்ப கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெறுமைக்குள் உலோகத்தை ஊற்றி வார்த்த வேலை அது. 1907இல் சிகாகோவைச் சேர்ந்த பல் வைத்தியர் வில்லியம் டகார்ட் பல்லுக்குத் தங்க இன்லே வார்க்கும் முறையை அறிமுகப்படுத்தினார். செய்தது இதேதான்: மெழுகு, மண், நெருப்பு, உலோகம். அதுக்குக் காப்புரிமை எடுத்து மற்றப் பல் வைத்தியர்களிடம் காசு கேட்கப் போய், அயோவாவில் ஃபில்புரூக் என்றவர் தனக்கு முன்னமே அதைச் சொல்லியிருந்ததால் வழக்கில் தோற்றும் போனார். சோழர் காலத்துச் சிற்பிகள் வழக்குப் போட வரவில்லை, அது டகார்ட்டின் அதிர்ஷ்டம். 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மனும் மார்கோ பிராண்டெஸ்டினியும் கமெராவால் பல்லைப் படமெடுத்து, பக்கத்தில் நிற்கிற மெசினால் பொற்சிலேன் இன்லேயைக் கடைந்து, நோயாளி கதிரையை விட்டு எழும்ப முந்தியே ஒட்டிக் காட்டினார்கள். அதுக்குப் பிறகும் நாற்பது வருசம் போய்விட்டது.

அப்ப ஏன் எங்கட வாவிக்கரைக்கு வரவில்லை? 'சனத்துக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் சொல்கிற மறுமொழியை நாங்கள் ஏற்கவில்லை. சனம் கணக்குப் பார்க்குது, சரியாகத்தான் பார்க்குது. ஒன்லே என்டால் குறைந்தது இரண்டு தரம் வர வேணும்: அச்செடுக்க ஒரு நாள், ஒட்ட ஒரு நாள். படுவான்கரையில் கூலி வேலைக்குப் போகிற ஒரு மனிசிக்கு இரண்டு வருகை என்றால் இரண்டு நாள் சம்பளம். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்துக் களுவாஞ்சிகுடிக்கு வர வேணும். காற்று வலுத்தால் பாதை ஓடாது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆறுதல். மற்றத் துறைகளில் இன்னும் பாதைதான். வடக்கே வாகரை, கதிரவெளிச் சனத்துக்கு வாழைச்சேனையே தூரம். இந்தக் கணக்கில் புடுங்குவது ஒரே வருகை, காசும் இல்லை. யார் வெல்லும்?

ஆனால் கணக்கு அன்றைக்கு முடிவதில்லை. கடைவாயில் ஒரு பல் போனால் பின்னால் நிற்கிற பல் அந்த இடைவெளிக்குள் சாயும். எதிர்த்தாடைப் பல்லுக்கு முட்ட ஆள் இல்லாமல் அது இறங்கும். இடுக்கில் சாப்பாடு அடைந்து அடுத்த சூத்தை தொடங்கும். பிறகு ஒற்றைப் பக்கத்தால் மெல்லுவது, பிறகு அந்தப் பக்கமும் போவது. கடைசியில் கட்டுப்பல். புடுங்குவதுக்கு இலவசமாக நின்ற அரசாங்கம், போன இடத்தில் உறுதியான பல் ஒண்டை ஊன்றித் தா என்று கேட்டால் காணாமல் போய்விடும். இம்பிளான்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட எங்களால் போக ஒண்ணா.

பெண் பிள்ளைகளின் கணக்கு இன்னும் கொடுமை. கலியாணம் பேசத் தொடங்கினால் முன்பல்லுக்கு ஓடித் திரிவார்கள். சிரித்தால் தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு வீட்டில் ஒருத்தரும் காசு எடுப்பதில்லை.

இன்னுமொரு இடத்தில் முறையே எங்களைக் கைவிடுது. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இந்த நாட்டின் நல்ல விசயங்களில் ஒன்று. மகரகமவில் பயின்று, பள்ளிக்கூட வளவுக்குள் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு, அழுகிற பிள்ளையைத் தடவிக் கொடுத்துப் பல்லடைக்கிற அந்த மிஸ்மாரை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சேவை 13 வயசோடு கையை விடுது. அவர்கள் போட்ட அடைப்பு கழண்டு, ஓட்டை பெருத்து, ஒன்லே தேவைப்படுகிற வயசு அதுக்குப் பிறகுதான் தொடங்குது. ஓ.எல், ஏ.எல் என்று டியூசன் வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை காலையில் வைத்தியசாலையில் நம்பர் எடுக்க முடியாது. பின்னேரம் தனியாரிடம் போக வீட்டில் காசில்லை. பனடோலைப் போட்டுக்கொண்டு படிக்குது. சோதினை முடியும்போது நரம்பு செத்திருக்கும்.

நரம்பு செத்த பல்லுக்கு ரூட் கனால் செய்துகொண்டவர்களின் கதை தனி. கஷ்டப்பட்டு நாலு தரம் போய் வந்து, நோ நின்றவுடன், மேலே மூட வேணும் என்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். 2002இல் வெளிவந்த அக்விலினோ, கப்லான் ஆய்வு இதைச் சொல்லுது: ரூட் கனாலுக்குப் பிறகு மூடாமல் விட்ட பல்லுகள், மூடியவற்றை விட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. அங்கே மூடியது கிரவுனால். சுவர் மிஞ்சியிருக்கிற பல்லில் மேடுகளை மூடுகிற அந்த வேலையை ஒன்லேயும் செய்யும். மூடாமல் விட்டால், காப்பாற்றிய பல்லும் குறட்டுக்கே போகும்.

எங்களோடு வாதாடுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, "அரச டொக்டர் ஒரு காலைக்குள் எத்தனை பேரைப் பார்ப்பார், அவருக்கு ஒன்லே செய்ய நேரமெங்க?" என்று கேட்பவர்கள். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் நெடுங்காலமாகப் பல் வைத்தியப் பட்டம் கொடுத்தது பேராதனை மட்டும்தான். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம் மருத்துவமும் தாதியமும் படிப்பிக்குது, பல் வைத்தியம் இல்லை. 2022இல் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில கிழமைக்குள் 360ஐத் தொட்டபோது இறக்குமதியாகிற பல் பொருட்கள் எல்லாம் ஏறின. எத்தனையோ வைத்தியர்கள் கப்பல் ஏறாமலே கடல் கடந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் நேரமில்லாத டொக்டர் இன்றைக்குப் புடுங்குகிற பல், நாளைக்கு இன்னும் இரண்டு பல்லுக்கு வேலை வைக்குது. வரிசை நீளுவதுக்கு அதுவும் காரணம்.

இரண்டாவது வகை, "சோத்துக்கே வழியில்லாத இடத்தில் ஒன்லேயா?" என்று நக்கல் அடிப்பவர்கள். அவர்களில் பலருக்கு வாய் நிறையப் பல் இருக்கு. சோறு மெல்லுவதுக்குத்தான் பல். கச்சானும், முறுக்கும், வாவி நண்டும் ஒரு வயசுக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே என்று ஆகிப்போன எங்கட அம்மம்மாமாரிடம் போய் இதை ஆடம்பரம் என்று சொல்லிப் பாருங்க. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பதைக் கேட்டு வளர்ந்த நாங்களே, பல்லுப் போவதை வயசோடு வருகிற இயற்கை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அது இயற்கை இல்லை, கவனிக்காமல் விட்ட சூத்தையும் முரசு நோயும்தான்.

இப்ப இதை எழுதுவதுக்கு ஒரு காரணம் இருக்கு. இரசம் கலந்த அமல்கம் அடைப்பின் காலம் முடியப் போகுது. இலங்கையும் சேர்ந்திருக்கிற மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்தோடு அமல்கத்தை நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய ஒப்பந்த நாடுகள் 2034க்குள் முழுசாக நிறுத்துவதென்று முடிவெடுத்தன. வாவியின் மீனைத் தின்று வாழ்கிற எங்களுக்கு இரசம் குறைவது நல்லதே. பல் கிளினிக்குகளில் கழுவின தண்ணீர் எங்கே போகுதென்று கேட்கிற உரிமையும் எங்களுக்கு இருக்கு. ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு மலிவாக, உறுதியாக நின்றது அந்த அமல்கம்தான். அது போன பிறகு அந்த இடத்துக்கு என்ன வரும் என்பதை யாரோ எங்கேயோ முடிவெடுப்பார்கள். பெரிய ஓட்டைக்குப் பொருள் இல்லை, ஆகவே புடுங்கு என்று அது முடியக் கூடாது.

செய்யக் கூடியது நிறைய இருக்கு, எல்லாமே கோடிக் கணக்கில்லை. எல்லா ஒன்லேக்கும் லெப் தேவையில்லை. உடைந்த மேட்டைத் தட்டையாக்கி கொம்பசிட்டாலேயே வாய்க்குள் கட்டி எழுப்புகிற முறை இருக்கு. ஒரே வருகையில் முடியும். பொற்சிலேன் அளவுக்கு நிற்காமல் போகலாம், ஆனால் குறட்டைத் தள்ளிப் போடும், வருசங்கள் சம்பாதித்துத் தரும். அதுக்கு வேண்டியது ஒரு நோயாளிக்கு முக்கால் மணித்தியாலம், நல்ல பொருள். அச்செடுப்பதுக்குப் பதிலாக ஸ்கேனரால் படமெடுத்து, களுவாஞ்சிகுடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ போதனா வைத்தியசாலையில் இருக்கிற ஒரு டெக்னீசியனுக்கு அனுப்பலாம். பாதையில் ஏற வேண்டியது கோப்பு, மனிசி இல்லை. கிழமையில் ஒரு பின்னேரமோ சனிக்கிழமையோ மாணவருக்கும் கூலித் தொழிலாளருக்கும் என்று பல் கிளினிக்கைத் திறக்கலாம். 13 வயசில் பாடசாலை மிஸ் கைவிடும்போது, பிள்ளையின் வாய் பற்றிய அட்டையை அடுத்த கிளினிக்குக்கு அனுப்பலாம். காகிதம் ஒன்றைக் கைமாற்றுவதுக்கு டொலர் தேவையில்லை.

ஒன்லே எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குப் பொற்சிலேன் வெடிக்கலாம். முரசு அழுகி, நாளுக்கு ஆறு பிளேன்டி சீனியோடு குடிக்கிற வாய்க்குள் எதை ஒட்டினாலும் ஓரத்தால் சூத்தை திரும்பவும் நுழையும். சோடா மூடியைப் பல்லால் திறக்கிற வீரர்களுக்கு நாங்கள் வைத்தியம் கேட்டுத் தரப் போவதில்லை.

அடுத்த தரம் கதிரையில் சாய்ந்து "இதைப் புடுங்குவம்" என்று கேட்டால், ஊசி போட முந்தி வாயை மூடிக்கொண்டு எழும்பி இருந்து கேளுங்க: வேர் நல்லா இருக்கா? எத்தனை சுவர் மிச்சம்? மேட்டை மூடிக் கட்ட ஏலாதா? 'ஒண்ணா' என்று மறுமொழி வந்தால், ஏன் ஒண்ணா என்றும் கேளுங்க. பல்லாலயா, பொருள் இல்லாததாலயா, நேரம் இல்லாததாலயா? முதலாவதுக்கு டொக்டர் பதில் சொல்லுவார். மற்ற இரண்டுக்கும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் கொழும்பில் இருக்கிற அமைச்சும் பதில் சொல்ல வேணும். அந்தக் கேள்வியை அனுப்ப எங்களுக்கு உங்கட விபரம் தேவை: எந்த ஊர், என்ன வயசு, எந்தப் பல், என்ன காரணம் சொன்னார்கள். பேர் வேண்டாம், டொக்டரின் பேரும் வேண்டாம். எழுதி அனுப்புங்க, சேர்த்துக்கொண்டு போய்க் கொடுக்கிறோம்.